மஞ்சள் தொப்பியிடம் சொன்னது

செவ்வாய்க்கிழமை யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வியாழக்கிழமைதான் ஆள் மாறும் நாள். இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு என்று வாழ்கிறவர்களுக்கு வியாழக்கிழமை விமானம் ஒரு கல்யாண வேன் மாதிரி. ஏறும்போதே கூச்சல் தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை விமானம் அப்படியல்ல. கீரையும் முட்டையும் இரண்டு மூன்று இஞ்சினியர்களும் அதில் வந்து இறங்குவார்கள். பெர்த்துக்குத் திரும்பும்போது அது காலியாகத்தான் போகும்.

அதனால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லினெட் ட்ரெவாரோ துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெஸ் வாசலைக் கடந்தபோது, இரவு ஷிப்ட் முடிந்து வந்து தட்டுகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"ஜன்னல் சீட்டு" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். காலி விமானத்தில் ஜன்னலோரம் கேட்காமலே கிடைக்கும்.

மண்வாரி ஓட்டும் ஷாஸ் மட்டும் வாயில் ரொட்டியோடு வெளியே ஓடிவந்தாள்.

"ஏய் ட்ரெவ், எங்க கெளம்பிட்ட? வீட்ல யாருக்காவது முடியலயா?"

"வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நான்தான் நல்லா இல்லையாம்."

"யாரு சொன்னது?"

"கம்பெனி."

ஷாஸ் ரொட்டியை விழுங்கினாள். "இந்தப் பொட்டக்காட்டுல மண்ண வாரிக்கிட்டு நல்லா இருக்கறவ எவடி? அப்படி அனுப்பணும்னா ஒரு பிளேன் பத்தாதே!"

லினெட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் என்று பயந்து வேனில் ஏறிக்கொண்டாள்.

ஓடுதளத்துக்குப் போகும் வேன் சுரங்கத்தின் விளிம்பை ஒட்டித்தான் போக வேண்டும். கீழே சிவந்த பள்ளம். அதன் பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி ஏறும் மேட்டுப் பாதையில் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அத்தனை உயரத்திலிருந்து பார்த்தாலும் மூன்றாவது வண்டி அவளோடு லாரி ஓட்டிய டெஸ்மண்டுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. திருப்பம் வருவதற்கு வெகுமுன்னாலேயே வேகத்தைக் குறைக்கிறவன் அந்தச் சுரங்கத்தில் அவன் ஒருவன்தான். எதிலும் ஜாக்கிரதையானவன்.

அவள் கையை ஆட்டவில்லை. ஆட்டியிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

*

லினெட் பிறந்து வளர்ந்தது பெர்த்துக்குத் தெற்கே, ரயில் பாதை முடியும் பன்பரியில். அப்பா ரயில் கார்டு. பெர்த்துக்கும் பன்பரிக்கும் நடுவே ஓடும் வண்டியில் பெட்டி பெட்டியாக நடந்து, அடுத்து வரும் ஊரின் பெயரை நீட்டி முழக்கிச் சொல்வது அவர் வேலை. பள்ளி விடுமுறையில் அவரோடு போகும் லினெட்டும் அவள் தங்கை நோரீனும் அவருக்குப் பின்னாலேயே நடந்து அதே குரலில் கத்துவார்கள். "செர்பன்டைன்... நார்த் டாண்டலப்... பின்ஜாரா..." பயணிகளில் சிலர் காசு கொடுப்பார்கள், சிலர் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

பெரியவளானதும் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கீத் என்ற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் இறால் படகில் வேலை கிடைத்திருக்கிறது என்று குவீன்ஸ்லாந்துக்குப் போனவன், அங்கிருந்தே தொலைபேசியில் உறவை முடித்துக்கொண்டான். பேக்கரியும் மூடியது. நாற்பதைத் தாண்டிய வயதில், சுரங்கத்தில் லாரி ஓட்டப் பெண்கள் வேண்டும், பயிற்சி தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்தபோது நோரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீயா? உன் காரையே ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம என்னைக் கூப்பிடுவியே!"

"அங்க ரிவர்ஸ் எடுக்க நிறைய எடம் இருக்குமாம்."

போனாள். ஒரு சக்கரமே அவளைவிட இரண்டு மடங்கு உயரமான லாரி. மாடிப்படி மாதிரி ஏணி ஏறித்தான் உள்ளே உட்கார வேண்டும். முதல் நாள் சாவியைத் திருப்பியதும் காலுக்கடியில் ஏதோ ஒரு பெரிய மிருகம் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல இருந்தது. அன்றிரவு நோரீனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அடியே, எனக்கு இவ்வளவு நாள் இது தெரியாமப் போச்சே."

சுரங்கத்தில் யாரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் ட்ரெவ் ஆனாள். அவளுக்கு அடுத்த லாரி ஓட்டிய டெஸ்மண்டின் பெயர் பாதிரி. ஒரு காலத்தில் பீப்பாய் கணக்கில் குடித்துவிட்டு, ஒரே நாளில் நிறுத்தியவன். அதற்குப் பிறகு மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்தால் அவன் முகம் தானாகவே பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். அதுதான் அவனிடம் எல்லோருக்கும் பிடித்தது. சாப்பாட்டுக் கொட்டகையில் அவனும் லினெட்டும் தினமும் சீட்டாடுவார்கள். அவள் அப்பா இறந்தபோது, தன்னுடைய வீட்டு வாரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவளுக்குப் பதிலாக அவன் வண்டியில் ஏறினான். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவள் தொலைபேசியில் அவன் பெயரே "பாதிரி" என்றுதான் இருந்தது.

*

ஒரு குளிர்காலத்தில், பட்டறையில் வேலை செய்த ஃபிட்டர் ஒருவன் காலையில் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தபோது, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் காலைக் கூட்டத்தில் அவனும் மற்றவர்களோடு வரிசையில் நின்று கருவியில் மூச்சை ஊதிக் காட்டியிருந்தான். "வேலைக்குத் தயாரா?" என்று கேட்டதற்கு "தயார்" என்று சொல்லியிருந்தான். அந்தக் கருவி சாராயத்தைக் கண்டுபிடிக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் சுரங்கத்தின் தலைமை அதிகாரி கார்ல் ஸ்டென்ஹவுஸ் எல்லோரையும் பட்டறைக்கு வரவழைத்துப் பேசினார். தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவனும் அப்படித்தான் போனானாம். ஒரு தடவையாவது யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார். ஆறடி மனிதர், எண்ணெய்க் கறை படிந்த தரையில் நின்று எல்லோர் முன்னாலும் அழுதார்.

"சொல்லுங்க" என்றார். "என்ன இருந்தாலும் சொல்லுங்க. மனசுல இருக்கறதச் சொன்னதுக்காக இங்க யாரும் எதையும் இழக்க மாட்டீங்க. இது என் வாக்கு."

லினெட்டும் அழுதாள். ஷாஸ்கூட மூக்கைச் சிந்தினாள்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சிக்கு அனுப்பப்பட்டு, மஞ்சள் தொப்பியோடு திரும்பி வந்தார். மனசு சரியில்லாதவர்கள் மஞ்சள் தொப்பிக்காரரிடம் பேசலாம், பேசினது வெளியே போகாது என்று மெஸ் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர்கள் குழுவில் ஓட்டெடுப்பே தேவைப்படவில்லை. டெஸ்மண்டைத் தவிர வேறு யாரையும் யாரும் நினைக்கவில்லை.

"பாதிரிக்கு இப்பத்தான் உடுப்பு கெடச்சிருக்கு" என்றாள் ஷாஸ். "சாமி, நேத்து நான் ரெண்டு புட்டிங் தின்னுட்டேன். பாவமன்னிப்பு உண்டா?"

"மூணாவது எனக்குக் குடுத்திருந்தா உண்டு" என்றான் டெஸ்மண்ட்.

*

அடுத்த கோடையில் அது நடந்தது. லினெட் மேட்டின் அடியில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வண்டிக்கு வலப்பக்கம் ஒரு வீடே நின்றாலும் தெரியாது. அதனால்தான் சின்ன வண்டிகள் எல்லாம் நீளமான கம்பியில் கொடி கட்டிக்கொண்டு ஓட வேண்டும், பெரிய வண்டியின் பக்கத்தில் வரும் முன் வயர்லெஸ்ஸில் கேட்க வேண்டும். சர்வே செய்யும் ஒரு இளைஞன் ஜீப்பில் கேட்காமல் வந்துவிட்டான். 'டக்' என்று குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். அவள் பிரேக்கை மிதித்தாள். இறங்கிப் பார்த்தபோது அந்த ஜீப்பின் கொடிக்கம்பி அவள் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது. ஜீப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு அவனுடையது என்று அவனே ஒப்புக்கொண்டான். மறுநாள் ஒரு சாக்லெட் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து மன்னிப்புக் கேட்டான். எல்லோரும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மறந்துவிட்டார்கள்.

லினெட்டின் கைகள் மறக்கவில்லை. மேட்டின் உச்சியில், வண்டியைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டிய இடத்தில், அவை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மரத்துப்போயின. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த 'டக்' சத்தம் மறுபடி மறுபடி கேட்டது. ஒரு நாள் என்ன செய்வதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். வாய்க்கு வந்தது அப்பாவின் குரல்.

"ஆர்மடேல்... பைஃபோர்ட்... மண்டிஜாங்..."

பின்ஜாராவைத் தாண்டி யார்லூப் வரும்போது விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. ஆனால் கட்டைவிரல் அத்தனை நேரமும் வயர்லெஸ் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"ட்ரெவ்." டெஸ்மண்டின் குரல். "ரெண்டாம் அலைவரிசைக்கு மாறு."

மாறினாள். அங்கே அவர்கள் இருவர் மட்டும்.

"ரயில் எங்க போகுது?"

"பன்பரிக்கு" என்றாள், மூச்சு வாங்க. "எங்கப்பா இப்படித்தான் சொல்லுவாரு. அவரு குரல்ல சொன்னாத்தான் கை அசையுது, டெஸ். சிரிக்காத."

"யாரு சிரிச்சா? எந்த ஊர் வரைக்கும் வந்த?"

"யார்லூப்."

"சரி. யார்லூப்புக்கு அப்புறம் என்ன?"

"குக்கர்னப்."

"அப்புறம்?"

"ஹார்வி. பிரன்ஸ்விக். பன்பரி."

"வந்து சேந்தாச்சுல்ல. இப்ப மெதுவா வண்டிய எறக்கு. நான் பின்னாலதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு பல நாள் அப்படித்தான் ஓடியது. அவள் உச்சிக்கு வந்ததும் அவனே கேட்பான்: "யார்லூப்புக்கு அப்புறம் என்ன?" அவள் பதில் சொல்லுவாள். வண்டி இறங்கும். ஆனால் அவன் பின்னால் இல்லாத நாட்களும் உண்டு. தன் கையை நம்பி எத்தனை நாள் இப்படி ஓட்டுவது என்ற கேள்வி அவளுக்கே வந்தது. இன்னொரு கொடிக்கம்பி ஒடிந்தால்? அப்போது பிஸ்கட்டோடு வருவதற்கு அந்தப் பையன் இருப்பானா?

ஒரு மதியம் கொட்டகையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் தொப்பி கிடந்தது.

"டெஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மொதல்ல தொப்பிய மாட்டு."

"எதுக்கு? என் வழுக்க உன் கண்ணக் கூசுதா?"

"வெளயாடாத. முறைப்படி இருக்கட்டும். தொப்பியோட கேட்டா வெளிய போகாதுல்ல?"

அவன் கை தொப்பியின்மேல் போய் அப்படியே நின்றது. அந்த நிற்றலை அவள் அன்று கவனித்தாள். ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"சும்மாவே சொல்லேன், ட்ரெவ்" என்றான்.

"ஐயோ, சும்மா சொன்னா நாளைக்கு சீட்டாடும்போது ஷாஸ்கிட்ட உளறிடுவ. மாட்டுப்பா."

மாட்டினான்.

எல்லாவற்றையும் சொன்னாள். கை மரத்துப்போவது, 'டக்' சத்தம், உறக்கத்திலும் அது கேட்பது. கடைசியில் கேட்டது ஒரே ஒரு காரியம்.

"கொஞ்ச நாளைக்கு என்னைத் தண்ணி லாரில போடச் சொல்ல முடியுமா? புழுதிக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு சமதளத்துலயே ஓடும்ல, அது போதும். அங்க எனக்கு ஒண்ணும் பண்ணல, ஓட்டிப் பாத்துட்டேன். பேசறதுக்கு ஒரு நல்ல டாக்டர் இருந்தா சொல்லச் சொல்லு. சரியாயிடும்னு எனக்கே தெரியுது டெஸ். வேலைய மட்டும் விட முடியாது. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

"பாக்கறேன்" என்றான் டெஸ்மண்ட். அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

*

திங்கட்கிழமை கார்லின் அறைக்குக் கூப்பிட்டார்கள். தண்ணி லாரி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். கார்லின் பக்கத்தில் பெர்த் அலுவலகத்திலிருந்து வந்த எச்.ஆர். பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் ஃபியோனா. மேசைமேல் லினெட்டுக்காக ஒரு டம்ளர் தண்ணீரும் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் தயாராக வைக்கப்பட்டிருந்தன.

"லினெட்" என்று ஆரம்பித்தார் கார்ல். அதுவரை அவரும் ட்ரெவ் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "தைரியமா பேசினதுக்கு முதல்ல உங்களுக்கு நன்றி."

"தண்ணி லாரிதானே? இன்னைக்கே ஏறிடறேன்."

ஃபியோனா மென்மையாகச் சிரித்தாள். "இப்ப வேலையப் பத்தி யோசிக்கவே வேண்டாம். வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. உங்க நலன்தான் எங்களுக்கு முக்கியம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாள்."

"எனக்கு ஒரு நாளும் வேணாமே. நான் கேட்டது அது இல்லையே."

"வண்டி ஓட்டும்போது ரயில் ஸ்டேஷன் பேரெல்லாம் சத்தமா சொல்லிக்கிட்டு வர்றதா தெரியுது" என்றாள் ஃபியோனா. "இறந்துபோன உங்கப்பாவோட குரல்ல."

ஸ்டேஷன் பெயர்களை ஒரு தடவை வயர்லெஸ்ஸில் குழுவே கேட்டிருக்கும். அப்பாவின் குரல் என்பது இரண்டாம் அலைவரிசையில் சொன்னது. அதைக் கேட்ட காது ஒன்றே ஒன்றுதான்.

"இருநூறு டன்னுக்கு மேல சுமக்கற வண்டி அது" என்றார் கார்ல், கெஞ்சுகிற மாதிரி. "நாளைக்கு யாராவது செத்தா நான் என்ன பதில் சொல்றது?"

"யாரும் சாகக் கூடாதுன்னுதானே நானே வந்து தண்ணி லாரி கேட்டேன், கார்ல்? சொல்லாம ஓட்டிக்கிட்டே இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

கார்ல் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"உங்க தம்பி கதை நெசமா?"

"நெசம்தான்." அவர் முகம் சிவந்தது.

"யார்கிட்டயாவது சொல்லியிருந்தா பிழைச்சிருப்பான்னு சொன்னீங்களே. சொல்லியிருந்தா, அவரையும் இப்படித்தான் பிளேன் ஏத்தியிருப்பீங்களா?"

கார்ல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபியோனா கைக்குட்டைப் பெட்டியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள். லினெட் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் துணி துவைக்கும் அறையில் டெஸ்மண்ட் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்ததைப் பார்த்ததும் ஒரே சட்டையை மறுபடி உதறி மறுபடி மடித்தான்.

"எப்ப சொன்ன?"

"அன்னைக்கே." அவன் நிமிரவில்லை. "பாதுகாப்பு சம்பந்தமா இருந்தா மேல சொல்லியே ஆகணும், ட்ரெவ். பயிற்சியிலயே சொல்லி, கையெழுத்தும் வாங்கிட்டாங்க."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே. சுவத்துல வெளிய போகாதுன்னுதானே ஒட்டியிருக்கு?"

"சொன்னா யாரும் பேச மாட்டாங்கன்னு..."

"அப்ப, நான் தொப்பிய மாட்டுன்னு சொன்னப்ப உனக்குத் தெரியும்."

"சும்மா சொல்லுன்னு சொன்னேன்ல."

"ஒரு தடவ சொன்ன. மழுப்பலா, ஒரே ஒரு தடவ. தினம் என்கூட பன்பரி வரைக்கும் வந்தவன் நீ. 'மாட்ட மாட்டேன், போடி'ன்னு அந்தத் தொப்பியத் தூக்கி வெளிய எறிஞ்சிருக்கலாம்ல?"

சலவை இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது.

"நீ வண்டியோட கீழ உருண்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றான் டெஸ்மண்ட். அவன் கண் கலங்கியிருந்தது. அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் கசந்தது.

"தண்ணி லாரியப் பத்தி அவங்ககிட்ட கேட்டியா?"

அவன் மடித்த சட்டைகளை எடுத்துக் கூடையில் அடுக்கினான்.

"அதையாவது கேட்டியா, டெஸ்?"

"அவங்க ஃபாரத்துல அதுக்கு எடம் இல்ல" என்றான். "ஆபத்து உண்டா இல்லையான்னு மட்டும்தான் கேட்டாங்க."

*

பன்பரிக்கு வந்த அதே வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பழக்கூடை வந்தது. ரிப்பன் கட்டி, 'நீங்கள் தனியாக இல்லை' என்று அட்டை வைத்து.

"இந்தப் பேரிக்காயும் தனியா இல்ல" என்றாள் நோரீன், கூடையைக் கிளறி. "உள்ள புழு இருக்கு."

தொலைபேசியில் பேச ஒரு ஆலோசகரையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். சின்ன வயசுப் பையன்; ஆனால் கெட்டிக்காரன். கை எப்போது மரத்துப்போகிறது, எந்தத் திருப்பத்தில், அப்போது மூச்சு எங்கே நிற்கிறது என்று பொறுமையாகக் கேட்டான். அவன் சொல்லிக்கொடுத்தது உதவியது. மூன்றாவது தடவையோடு கம்பெனி அனுமதித்தது முடிந்துவிட்டது என்று அவனே தயங்கித் தயங்கிச் சொன்னான். அதற்குள் கை பாதி சரியாகியிருந்தது. மீதியை அவளே, நோரீனின் காரில், குன்றுப் பாதைகளில் ஏறி இறங்கிச் சரிசெய்துகொண்டாள். டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக்கொடுத்தார். கம்பெனியைக் கூப்பிட்டாள். பார்க்கிறோம் என்றார்கள். மறுபடி கூப்பிட்டாள். ஃபியோனா விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். கோடை முடிகிற சமயத்தில் ஒரு புதுக் குரல் அழைத்தது: குழுவைத் திருத்தி அமைத்ததில் அவளுடைய இடமே இல்லாமல் போய்விட்டதாம். அவளுடைய துணிச்சலைக் கம்பெனி என்றும் மறக்காதாம்.

"துணிச்சலா?" என்றாள் நோரீன். "முட்டாத்தனம்னு சொல்லு. அழுத ஆம்பளைய நம்புனியே!"

"அவரு அழுதது நெசம்டி."

"நெசமா அழுதா என்ன? அவருக்கு வேல போச்சா, உனக்கு வேல போச்சா?"

ஷாஸ் எப்போதாவது கூப்பிடுவாள். அவள் மூலமாகத்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. லினெட் போனதிலிருந்து மஞ்சள் தொப்பிக்காரர்களிடம் யாரும் பேசுவதில்லை. யாரைக் கேட்டாலும் "சூப்பரா இருக்கேன்" என்கிறார்கள். முறையீடுகள் குறைந்துவிட்டன, திட்டம் வெற்றி என்று கம்பெனி கேக் வெட்டியது. மற்ற சுரங்கங்களின் தொப்பிக்காரர்களுக்கும் பயிற்சி கொடுக்க டெஸ்மண்டைத்தான் அனுப்புகிறார்கள்.

"கேக் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் லினெட்.

"ட்ரெவ், சத்தியமா சொல்றேன், மஞ்சக் கலர்ல க்ரீம் போட்டிருந்தாங்க. நான் தின்னல. சரி, ஒரு துண்டு தின்னேன்."

லினெட் ஹார்வியில் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள். பேருந்துகளை வைத்திருந்தவள் மிர்யானா, அவள் வயசுக்காரி. குரோஷியாவிலிருந்து வந்த குடும்பம். வாய் ஓயாதவள். வேலை கேட்கப் போன அன்று, சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போன லினெட், கடைசியில் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, எழுந்து போகத் தயாராகப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பையக் கீழ வை" என்றாள் மிர்யானா. "மேட்டுல எறங்கறதுதான் கஷ்டமா? அப்ப மலைப் பக்கம் ரூட்டு என் வீட்டுக்காரன் ஆன்டன் எடுக்கட்டும். நீ குக்கர்னப் பக்கம் போ, தட்டையாக் கெடக்கும். மொதல் வாரம் உன்கூட நானும் வர்றேன். சரியானப்புறம் நீயே வந்து மலை ரூட்டு கேளு. கேக்கலேன்னாலும் ஒண்ணும் இல்ல. ஆன்டனுக்கு வீட்ட விட்டு தூரமாப் போனா சந்தோஷம்."

சொன்னபடி ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளின் அப்பா அம்மாக்களைப் பற்றி வம்பு பேசிக்கொண்டே வந்தாள். அவள் எந்தத் தொப்பியும் போட்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டு லினெட்டே போய் மலை ரூட்டைக் கேட்டாள். இப்போது வாரத்தில் பாதி நாள் மலை, பாதி நாள் குக்கர்னப்.

ஆனாலும் ஆறாத இடம் ஒன்று இருந்தது. பேருந்தைத் துடைக்கும்போது, டீ போடும்போது, டெஸ்மண்டுக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் தாமாகவே வரும். கூர்மையான பதில்கள். சில சமயம் துடைப்பதை நிறுத்திவிட்டு, மனசுக்குள் அவனைச் சலவை அறைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவைத்துப் பேசுவாள். அவன் எண்ணை அழிக்கவில்லை. ஒரு நாள் கூப்பிடுவான், அப்போது இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். அவன் கூப்பிடவில்லை. ஒரு வருடம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

அன்று குக்கர்னப் முறை. பள்ளி விட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டேஷன் அருகில் கடைசிச் சிறுமியை இறக்கிவிட்டு, அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை நின்றாள். பேருந்து காலியாக இருந்தது. தொலைபேசி நடுங்கியது. திரையைப் பார்த்துவிட்டு எடுத்தாள்: பாதிரி.

"ட்ரெவ், நான் டெஸ். போனை வண்டிக்குள்ள கொண்டு வரக் கூடாது, தெரியும், கொண்டு வந்துட்டேன். வாயால சொல்லித்தான் கூப்பிட்டேன். மேட்டு உச்சியில நிக்கிறேன். போன வாரத்துலேர்ந்து கை ஸ்டீயரிங்க விட மாட்டேங்குது. ஏன்னு தெரியல. பின்னால வண்டிங்க நிக்குது, ரிப்பேர்னு சொல்லியிருக்கேன். இங்க யாருகிட்டயும் சொல்ல முடியாது, சொன்னா என்ன ஆகும்னு அவங்களுக்குப் பாடம் எடுத்தவனே நான்தான். உன்கிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஆர்மடேல்லேர்ந்து சொல்லிக்கிட்டே வந்துட்டேன். ஒரு எடத்துல நின்னுபோச்சு. யார்லூப்புக்கு அப்புறம் என்ன?"